அமரர் தம்பிராசா ஞாபகார்த்த அலைப்பலகை

1

அப்பாவின் ஆண்டுத் திவசம் நெருங்கினால் எனக்குப் பதற்றம் பிடித்துவிடும். திவசத்தைப் பற்றி அல்ல. அதற்கு ஐயர் இருக்கிறார், டெர்மின் கேட்டால், அதுதான் இங்கே நாளும் நேரமும் குறிப்பதற்குச் சொல், தருவார். பதற்றமெல்லாம் கிண்ணத்தைப் பற்றியது.

எங்கள் ஆட்களில் ஒருவர் காலமானால் அடுத்த கோடையிலேயே அவர் பெயரில் ஒரு விளையாட்டுக் கிண்ணம் பிறந்துவிடும் என்பது ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வழக்கத்தை நாங்கள் விமானத்தில் ஏற்றி இங்கே ஜெர்மனிக்கும் கொண்டுவந்துவிட்டோம். அப்பா பருத்தித்துறையில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. தெருவில் உருண்டு வந்த பந்து காலில் பட்டால் விலகி நின்று பந்திடமே மன்னிப்புக் கேட்பார் போலிருக்கும். ஆனாலும் 'அமரர் வே. தம்பிராசா ஞாபகார்த்தக் கிண்ணம்' கெல்சென்கிர்ச்சனில் வருடாவருடம் உதைபந்தாட்டத்துக்கு வழங்கப்படுகிறது. வழங்குவது நான். அதே அமரரின் பெயரில் அண்ணன் லண்டனில் கரப்பந்தாட்டத்துக்கு ஒரு கிண்ணம் வழங்குகிறார். யாருடைய கிண்ணம் பெரிது என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. படம் மட்டும் அனுப்பிக்கொள்வோம். உயரம் தெரியட்டும் என்று கிண்ணத்துக்குப் பக்கத்தில் அண்ணன் ஒரு பேரனை நிறுத்தியிருப்பார்.

இந்த வருடம் மைதானக்காரர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். புல்லுக்கு ஓய்வாம். இந்த நாட்டில் புல்லுக்கும் விடுமுறை உண்டு, விடுமுறையில் இருக்கும் ஒன்றை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. போட்டி இல்லை, ஆகவே கிண்ணமும் இல்லை. அப்பா இந்த வருடம் லண்டனில் மட்டுமே அமரராக இருக்கப் போகிறார் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

என்னுடையது ஒரு சிறிய தமிழ்க் கடை. முருங்கைக்காய், குத்தரிசி, உறைந்த மீன், தொலைபேசி அட்டை காலத்திலிருந்து கழற்றாமல் கிடக்கும் ஒரு விளம்பரப் பலகை. போன பனிக்காலம் ஒரு பெண் வந்து சேப்பங்கிழங்கு இருக்கிறதா என்று கேட்டார். உயரமானவர், எங்கள் நிறம், தோள்கள் மட்டும் மூட்டை தூக்குகிறவரின் தோள்கள். ஒரு பெட்டியை அப்படியே வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமையும் வந்தார். உணவகம் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம், அவித்து மசித்துப் புளிக்கவைத்துத் தானே சாப்பிடுகிறாராம். மரக்கறிப் பக்கம் நின்ற பரமேஸ் அக்கா இதைக் கேட்டுவிட்டு, அவவும் எங்கடை ஆள்தான், பழஞ்சோறு தெரிஞ்ச ஆள் என்று தீர்ப்புச் சொன்னார். பரமேஸ் அக்கா என் வாடிக்கையாளர் என்று சொல்லலாம். கடையில் என்னைவிட அதிக நேரம் நிற்பவர் என்றும் சொல்லலாம்.

அந்தப் பெண் யாரென்று என் மகள் அபிராதான் சொன்னாள். பொக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த மகள். படிக்கிறாள்தான். ஆனால் சனி ஞாயிறுகளில் நூலகத்தில் இருக்கவில்லை. பக்கத்து ஊரில் மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தை இப்போது பூங்காவாக்கி, அதற்குள் செயற்கை அலை ஒன்று வைத்திருக்கிறார்கள். பம்பைப் போட்டால் அலை எழும்பும், நிறுத்தினால் படுத்துவிடும். அங்கே நுழைவுச்சீட்டு விற்கிறாள். ஓய்வு நேரத்தில் பலகையில் ஏறி நிற்கவும் பழகியிருக்கிறாள். இரண்டு வருடமாக இது நடந்திருக்கிறது. வீட்டில் துவாய்கள் ஏன் குறைகின்றன என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்ததற்கு அன்றுதான் விடை கிடைத்தது. நான் கோபப்படத் தொடங்கியபோது, "கைன் ஸ்ட்ரெஸ், அப்பா" என்றாள். பதற்றம் வேண்டாம் என்று அர்த்தம், ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளைகள் இதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

அவளுக்குப் பழக்கியவர்தான் சேப்பங்கிழங்குப் பெண். பெயர் நாலானி. ஹவாய்த் தீவில் பிறந்த தொழில்முறை அலைச்சறுக்கு வீராங்கனை.

அவருடைய கதையை அபிரா காருக்குள் கொஞ்சமும், நாலானி தம்முடைய உடைந்த ஜெர்மனில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று கொஞ்சமுமாகச் சொன்னார்கள். என் ஜெர்மனும் உடைந்ததுதான் என்பதால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. தாய் ஹோட்டலில் அறை துப்புரவு செய்தவர். தகப்பன் கடற்கரைக் காவலர். வேறு யாரோ உடைத்து எறிந்த பலகையின் பாதியில் படுத்துக்கொண்டுதான் முதன்முதல் அலையேறியிருக்கிறார். பள்ளிக்கூடம் முடிக்குமுன்னரே போட்டிகளில் வென்று, உலகம் முழுவதும் பலகையுடன் சுற்றினார். அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, தாகித்தி என்று அவர் கால் வைக்காத கரை குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் நல்ல அலை வருகிற நேரத்தில் ஆண்களின் போட்டியை வைப்பார்களாம். காற்று மாறி அலை குழம்பிய பிறகு, இப்போது பெண்கள் இறங்கலாம் என்பார்களாம். பரமேஸ் அக்கா இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. கல்யாண வீட்டில் ஆம்பிளையளின்ரை பந்தி முடிஞ்ச பிறகுதானே எங்களுக்கு இலை போடுறவை என்றார்.

விளம்பரக் கொம்பனிகளுக்கும் அவர் அலையில் நிற்கும் படம் தேவைப்படவில்லை, கரையில் நிற்கும் படந்தான் தேவைப்பட்டது. வயது முப்பதைத் தாண்டியதும் அதுவும் தேவைப்படவில்லை. பிறகு ஒரு பவளப்பாறை அவருடைய முழங்காலைப் பிரித்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு ஜெர்மனிக்கு வந்தவர், கால் தேறும்வரை சுரங்கத்து அலையில் பழக்குகிற வேலையை எடுத்துக்கொண்டார். பசிபிக் சமுத்திரத்தில் பிறந்தவர் கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் மின்சார அலைக்கு ஆசிரியை.

கால் தேறிவிட்டது. இலையுதிர் காலத்தில் பிரான்சின் கடற்கரையில் ஒரு தகுதிப் போட்டி. அதில் இறுதிக்குப் போனால் மறுபடி உலகச் சுற்றுக்குள் நுழையலாம். போகாவிட்டால் அதோடு முடிந்தது, இன்னொரு வருடம் ஓடுவதற்கு அவரிடம் ஆளும் இல்லை அனுசரணையும் இல்லை. பலகையின் மூக்கில்தான் பிரதான அனுசரணையாளரின், அதாவது காசு போடுகிறவரின், பெயர் இருக்க வேண்டுமாம். அவருடைய பலகையின் மூக்கு வெறுமையாக இருந்தது.

"அங்கை இடம் இருக்குது அப்பா" என்றாள் அபிரா.

கிண்ணத்துக்கு ஒதுக்கியிருந்த காசு பலகைக்குப் போயிற்று.

3

ஞாபகார்த்தம் என்பதை ஜெர்மன்காரர்களுக்கு விளங்கப்படுத்த நான் பல வருடம் பாடுபட்டிருக்கிறேன். செத்துப்போன தபாலதிபருக்கும் உதைபந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நாலானி கேட்கவில்லை. அவருடைய ஊரிலும் கடலில் இறந்துபோனவர்களின் பெயரில் போட்டி வைப்பார்களாம். அலையேறுகிறவர் ஒருவர் இறந்தால் எல்லோரும் பலகையில் படுத்துக் கடலுக்குள் போய், வட்டமாக உட்கார்ந்து, பூமாலைகளைத் தண்ணீரில் விடுவார்களாம். அவர் கேட்டது ஒன்றுதான். உங்கள் அப்பா எந்தக் கடலில் இறங்கியவர்?

நான் உண்மையைச் சொன்னேன். அப்பா கடலுக்குப் பக்கத்தில் பிறந்து, பக்கத்தில் வளர்ந்து, பக்கத்திலேயே தபால் முத்திரை குத்தியவர். கடலுக்குள் இறங்கியதே இல்லை. அவருக்குத் தண்ணீர் பயம். வல்லிபுரக் கோவில் கடல் தீர்த்தத்தன்று சனம் முழுவதும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால்விரல்களை மட்டும் நனைப்பார், குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி மூன்று தரம் தலையில் தெளிப்பார், திரும்பிப் பார்க்காமல் கரையேறிவிடுவார். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நாலானி சிரிக்கவில்லை. எந்தக் கால் முதலில் என்று மட்டும் கேட்டார். வலது கால் என்றேன்.

4

பெயரை ஒட்டுவதற்கும், கடைக் கண்ணாடியில் போட ஒரு விளம்பரத்துக்கும் சிவத்திடம் சொன்னேன். சிவம் எங்கள் பகுதி அச்சுக்காரர். சாமத்தியவீடு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே இயந்திரத்தில், ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வெளிவரும். அப்பாவின் ஒரேயொரு படம் அடையாள அட்டைப் படம், அதைப் பெருப்பித்தால் புள்ளிகள்தான் மிஞ்சின. வீராங்கனையின் படம் இருந்தால் தாருங்கோ என்றார் சிவம். அபிரா ஆகச் சிறந்த படத்தை அனுப்பினாள். நாலானி ஒரு போட்டியில் வென்று, கழுத்திலிருந்து நாடி வரை பூமாலைகளுடன் சிரிக்கும் படம். ஹவாயில் அப்படித்தானாம். பிறந்தால் மாலை, வந்தால் மாலை, வென்றால் மாலை.

சிவம் வழக்கம்போல மேலே 'அமரர்' என்று பெரிதாகப் போட்டார். நடுவில் மாலை போட்ட படம். கீழே, இடம் போதாததால் சிறிய எழுத்தில், 'வே. தம்பிராசா ஞாபகார்த்த அனுசரணையில்'. நான் பார்த்தது அப்பாவின் பெயரை மட்டும். பிழையில்லாமல் இருந்தது. மனம் நிறைந்து கண்ணாடியில் ஒட்டினேன்.

காலையிலிருந்தே கடையில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஒருவரும் விலை பேசவில்லை. ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அப்பா போய் எத்தனையோ வருடம், இன்னும் மறக்காமல் இருக்கிறார்களே என்று வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன், லண்டனிலிருந்து அண்ணன் தொலைபேசி எடுத்தார். சின்ன வயசு என்றார், கடலோ என்றார். நான் அப்பாவின் வயதைச் சொன்னேன். அவர் வைத்துவிட்டார்.

மத்தியானம் பரமேஸ் அக்கா சாப்பாட்டுக் கரியருடன் வந்தார். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி. செத்தவீட்டில் உலை வைக்கக் கூடாது, அபிராவும் பாவம் அந்தப் பிள்ளையோடு பழகினவள் என்று கண்ணைத் துடைத்தார். அப்போதுதான் நான் வெளியே போய் என்னுடைய கண்ணாடியை ஒரு வழிப்போக்கனைப் போலப் பார்த்தேன். மேலே அமரர், அதற்குக் கீழே மாலையுடன் நாலானி.

உள்ளே ஓடுவதற்குள் நாலானி சேப்பங்கிழங்கு வாங்க வந்துவிட்டார்.

பரமேஸ் அக்கா போய் அவருடைய கையை மெல்லக் கிள்ளிப் பார்த்தார். அபிரா தலையில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். நாலானி வெளியே போய், மாலையுடன் சிரிக்கும் தம்மை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்பதற்கான ஜெர்மன் வசனத்தைத் தயார் செய்தேன். திரும்பி வந்து அவர் சொன்னதை அபிரா எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"மற்றக் கொம்பனியள் எல்லாம் இவ முடிஞ்சுபோனா எண்டு நினைச்சு விட்டிட்டுப் போனவை. அவை ஒருத்தரும் சாப்பாடு கொண்டு வரேல்லையாம்."

பிறகு நாலானி அரிசி மூட்டையில் உட்கார்ந்து அவ்வளவையும் சாப்பிட்டார். வாழைக்காய் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு உது கூடாது என்று பரமேஸ் அக்கா என்னை நிற்கவைத்து அந்த விளம்பரத்தைக் கழற்றச் செய்தார். அதைச் சுருட்டி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். அபிராவின் தொலைபேசியில் மட்டும் அன்று மாலை வரை ஆழ்ந்த அனுதாபங்கள் வந்துகொண்டிருந்தன.

5

போட்டியைக் கடையிலேயே பார்த்தோம். வழக்கமாக நாடகம் ஓடும் தொலைக்காட்சியில், குளிர்ப்பெட்டிக்கு மேலே, அத்திலாந்திக் சமுத்திரம். அனுதாபம் சொன்னவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒருமுறை அழுதுவிட்டால் உறவாகிவிடுகிறது போலிருக்கிறது. சிவம் வரவில்லை, அவர் எனக்கு முகம் கொடுக்காமல் திரிந்தார்.

முதல் சுற்றுகளில் நாலானி வென்றார். அரையிறுதியில் அவருக்கு எதிரே ஒரு பிரெஞ்சுப் பெண், அபிராவைவிட இளையவள். நாலானி கரையில் வந்து நின்றபோது கமெரா பலகையின் மூக்கைப் பெரிதாகக் காட்டியது. உருண்டையான தமிழ் எழுத்துகளில் அப்பாவின் பெயர். இது எந்த நாட்டுக் கொம்பனி என்று வர்ணனையாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அண்ணன் லண்டனிலிருந்து, பார்க்கிறேன் என்று ஒரு செய்தி போட்டார். அதற்கு மேல் அவரால் எழுத முடியவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் அதை இரண்டு தரம் வாசித்தேன்.

மற்றப் பெண் ஓடிப்போய்த் தண்ணீரில் பாய்ந்தாள். நாலானி ஓடவில்லை. அலை வந்து தொடும் இடத்தில் நின்றார். வலது காலின் விரல்களை நனைத்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தலையில் தெளித்தார்.

அப்படியே அப்பா. குனிகிற விதம்கூட. பிரான்சின் கடற்கரையில், ஹவாய்க்காரியின் உடம்பில் என் அப்பா. ஆனால் அவர் கரையேறவில்லை, பலகையில் படுத்து உள்ளே போனார். நான் குளிர்ப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

அலைச்சறுக்குப் போட்டியில் பெரும்பகுதி சும்மா இருப்பதுதான் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இருவரும் கடலில் உட்கார்ந்திருந்தார்கள். உதுக்கே இவ்வளவு தூரம் போனவ என்று பரமேஸ் அக்கா கேட்டார். நல்ல அலை வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும், ஆகச் சிறந்த இரண்டு அலைகளுக்குத்தான் புள்ளி என்று அபிரா சொன்னாள். பிறகு நாங்களும் பொறுத்தோம். நாலானி ஒரு நல்ல அலை எடுத்தார். பிரெஞ்சுப் பெண் இரண்டு எடுத்தாள். நேரம் கரைந்துகொண்டிருந்தது. நாலானிக்கு இன்னும் ஒரேயொரு அலை வேண்டும், அது வரவில்லை. கடையில் மூன்று பேர் வெவ்வேறு தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்டார்கள்.

கடைசியில் வந்தது. அவர் எழுந்து நின்றார். மேலே போனார், வெட்டினார், கீழே விழுந்துவிடுவார் என்று நினைத்த இடத்தில் விழாமல் வெளியே வந்தார். நாங்கள் எல்லோரும் எழும்பிவிட்டோம். புள்ளி வரச் சற்று நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் அபிரா என் சட்டையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

மயிரிழையில் போய்விட்டது.

நாலானி பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். முகம் தெரியவில்லை. அப்பாவின் பெயர் மட்டும் தலைகீழாகத் தெரிந்தது.

6

சில நாள் கழித்துக் கடைக்கு வந்தவர் சேப்பங்கிழங்கு கேட்கவில்லை. அந்தப் படம் எங்கே என்றார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குத்தரிசித் தூசியைத் தட்டிவிட்டு, கண்ணாடியில் பழைய இடத்திலேயே தம் கையால் ஒட்டினார். அமரர், மாலை, சிரிப்பு எல்லாம் அப்படியே. இனிச் சரி என்றார், ஜெர்மனில், ஒரே சொல்லில்.

பரமேஸ் அக்கா வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் கரியர். சோறு, பருப்பு, வாழைக்காய்.

"அன்ரி, அவ உயிரோடதானே இருக்கிறா" என்றாள் அபிரா.

"ஒரு சீவியம் முடிஞ்சால் செத்தவீடுதானே பிள்ளை. சாப்பிடட்டும்."

அபிரா இதை மொழிபெயர்த்தாள். நாலானி முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். ஜெர்மன் வாடிக்கையாளர் ஒருவர் மிளகாய்த்தூளைப் பார்ப்பதுபோல நின்றார். பரமேஸ் அக்கா நாலானியின் முதுகைத் தடவியபடி, அழுங்கோ, ஆனால் சோறு ஆறுது என்றார். இதை அபிரா மொழிபெயர்க்கவில்லை, நாலானி தலையாட்டினார்.

அழுது முடித்து, இந்தத் துக்கம் எவ்வளவு காலம் என்று கேட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, அதோடு எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு, அதற்குப் பிறகு அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்று பரமேஸ் அக்கா சொன்னார். நாலானி தொலைபேசியை எடுத்து அந்த நாளைக் குறித்துக்கொண்டார். ஜெர்மனிக்கு வந்து அதிக காலமில்லை, அதற்குள் அழுகைக்கும் டெர்மின் போடப் பழகிவிட்டார்.

7

முப்பத்தோராம் நாள் கடையின் பின்னறையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். ஐயரைக் கூப்பிட வேண்டுமா என்று வாக்குவாதம் நடந்து, அவருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம் என்று விட்டுவிட்டோம். அண்ணன் லண்டனிலிருந்து எடுத்து, பலகையின் வால்ப்பக்கம் காலியாக இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். காலம் கடந்துவிட்டது என்று சொல்வதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்க விரும்பவில்லை. பாயசத்துக்குப் பிறகு நாலானி எழுந்து விளம்பரத்தைத் தாமே கழற்றினார். பலகையைக் கடைக்குத் தந்துவிட்டார், இப்போது அது குளிர்ப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. பிறகு, புது வேலை ஒன்று தொடங்குகிறேன் என்றார். சுரங்கத்து அலையில் ஒரு வகுப்பு. தண்ணீருக்குப் பயந்தவர்களுக்கு மட்டும்.

முதல் ஆளாக என் பெயரை அபிரா பதிந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். எனக்கும் அப்பாவின் பயந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் என்னை ஏற்றுவதற்கு அபிராவும் ஒரு பொடியனும் தேவைப்பட்டார்கள். பம்பைப் போட்டார்கள். சுரங்கத்துக்குள் இவ்வளவு தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அலை எழும்பி இரைந்துகொண்டு நின்றது. நாலானி ஓரத்தில் நின்று கையை நீட்டினார்.

வலது கால்விரல்களை நனைத்தேன். குனிந்து, வயிறு அனுமதித்த அளவுக்குக் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி மூன்று தரம் தலையில் தெளித்தேன். அப்பா இந்த இடத்தில்தான் திரும்பிவிடுவார். எனக்கும் திரும்பத்தான் கால் துடித்தது. நாலானி நீட்டிய கையை மடக்கவில்லை.

இன்னோர் அடி வைத்தேன்.

அடுத்த கணம் தலை எங்கே கால் எங்கே என்று தெரியவில்லை. மூக்கு, காது, வாய் எல்லாவற்றிலும் தண்ணீர். பலகை ஒரு பக்கம் போக, நான் வலை கட்டியிருக்கும் கடைசி மூலையில் போய் இருமிக்கொண்டு எழும்பினேன். மேலே கம்பிவேலியில் பரமேஸ் அக்கா சாய்ந்துகொண்டு நின்றார்.

"தம்பி, இருக்கிறீரோ?"

இருக்கிறேன் என்று கையை உயர்த்திக் காட்டினேன். அவருடைய காலடியில் சாப்பாட்டுக் கரியர் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே சமைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.